பேய்க்கு முன் ரிமோட்

2005இல் கேம்கியூப் கருவியில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' என்ற திகில் வீடியோ கேம், 2007இல் நின்டெண்டோ வீ கருவிக்கு மறுபடி வந்தது. வீயின் ரிமோட்டைத் திரைக்கு நேரே நீட்டினால் குறி, வீசினால் கத்தி. கோடரியோடு பாய்ந்துவரும் ஸ்பெயின் கிராமத்தாரைக் கண்டு முன்பு வேர்த்து வழிந்தவர்கள், இப்போது ஒவ்வொரு நெற்றியிலும் பொட்டு வைத்தார்கள். இதுவே ஆகச் சிறந்த பதிப்பு என்றது ஒரு கட்சி. குறி தப்பாத ஊரில் பயத்துக்கு என்ன வேலை என்றது எதிர்க்கட்சி. குறிபார்க்கும்போது ஓரடி நகராத நாயகன் லியோன் அப்போதும் நகரவில்லை. மீட்கப்பட வேண்டிய ஆஷ்லியின் அலறலும் குறையவில்லை. சோபாவிலிருந்து கத்தி வீசும் வீரர்களே, ரிமோட்டின் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். உடைந்த டிவிக்கு மறுபதிப்பு வராது.