பேத்தை வைபவம்

மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வைபவமாலை எழுதினார். விபீஷணன் வருகிறான், சிங்கையாரியர் வருகிறார்கள். மீனின் வம்சாவளிக்கு அதில் இடமில்லை. இத்தனைக்கும் நாங்கள் வேலி அடைத்துச் சண்டை பிடிக்கிற இந்தச் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. பூர்வீகக் குடி யார் என்று வழக்கு வைத்தால், உறுதியைக் கையில் வைத்திருப்பது மீன்தான்.

மீன் என்றால் முள்ளுள்ள மீன். சுறாவும் திருக்கையும் குருத்தெலும்புப் பகுதி. வறைக்கு உத்தமம், இந்தக் கதைக்கு ஆகாது.

மீனுடையதோ எங்களுடையதோ, எந்த உடம்புக்கும் கிருமியை மறிக்க ஒரு படலை உண்டு. அதில் ஒரு ஆச்சி குந்தியிருப்பா. போற வாற ஆட்களின் முகம் அவவுக்கு நினைவில் நிற்காது. ஆனால், "நீ ஆற்றை மோன்?" என்று கேட்டுக் குலத்தைப் பிடித்துவிடுவா. பாக்டீரியாவின் மேற்பூச்சு, அதன் வால், வைரஸின் ஆர்.என்.ஏ. என்று குடும்ப அடையாளம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், ஊரைக் கூட்டிவிடுவா. அவவுக்கு ஆராய்ச்சிக்காரர் வைத்த பேர் டோல் வகை ஏற்பி. பழ ஈயில் பூஞ்சணத்தை மறிப்பது டோல்தான் என்று 1996இல் ஜூல்ஸ் ஹோஃப்மான் குழு காட்டியது. 1998இல் புரூஸ் பொய்ட்லர் எலியில் அதன் உறவுக்காரியைக் கண்டார். 2011இல் இருவருக்கும் நோபல். ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல் படலையில் இருந்தவவுக்கு ஒரு தேத்தண்ணியும் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ முப்பத்திரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய முள்மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றின் மூதாதைக்கு மரபணுத்தொகுதி முழுவதும் இரட்டித்துப் போனது. ஒரே இரவில் ஆச்சிமார் இரண்டிரண்டு. அதில் பலர் வேலையில்லாமல் கண்ணை மூடினார்கள். மிஞ்சியவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதனிடம் இந்த ஏற்பிகள் பத்து. வரிக்குதிரை மீனிடம் இருபதுக்குக் கிட்ட. எல்லாம் இரட்டிப்பின் புண்ணியமல்ல: டோல் 21ஐயும் 22ஐயும் பாலூட்டிகள் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டன. தொலைத்தது நாங்கள், 'கீழ்நிலை உயிரி' என்ற பட்டம் மீனுக்கு.

அத்திலாந்திக் கொட் மீன் இன்னும் துணிச்சல்காரன். 2011இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் திகைத்தார்கள். எதிரியின் துண்டைத் தூக்கிக் காட்டிப் பிறபொருளெதிரிப் படையைக் கிளப்பும் எம்.எச்.சி. இரண்டாம் வகையே அதில் இல்லை. கந்தோரில் ஒரு பிரிவை இழுத்து மூடிவிட்டு, படலையில் மட்டும் ஆச்சிமாரைக் கும்பலாக இருத்தியிருக்கிறது. சில டோல் மரபணுக்களுக்குப் பல பல பிரதிகள். கடலில் அது சுகமாகத்தான் இருக்கிறது.

இனி எங்கட பேத்தை. குருநகர், பாசையூர்ப் பக்கம் வலையில் ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு முறைக்கும், விலைப்படாது, எறிந்துவிடுவார்கள். அமெரிக்கக் கரையோரத்துப் பேத்தை ஒன்றில்தான் 1999இல் அதுவரை யாரும் காணாத ஏற்பிக் குடும்பம் ஒன்று அகப்பட்டது. புதுவகை நோயெதிர்ப்பு ஏற்பி என்று பேர் வைத்தார்கள். புதுசு கண்டவர்களுக்குத்தான். பிறபொருளெதிரியின் சாயலில் ஒரு தலை, உள்ளே சிலதுக்குத் 'தாக்கு', சிலதுக்குப் 'பொறு' என்று கட்டளையிடும் வால். மூன்றாண்டு கழித்து ஜப்பானியப் பேத்தையின் மரபணுத்தொகுதி முழுவதையும் வாசித்தார்கள். மனிதனுடையதில் எட்டிலொரு பங்குதான். தேவையில்லாத தளபாடம் வைத்திராத வீடு.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை காவலும் வைத்த பேத்தைக்கு நஞ்சு செய்து கொடுப்பவை பாக்டீரியாக்கள். இரையோடு உள்ளே வந்து சேரும் அந்த நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு அது ஊரை மிரட்டுகிறது.

இன்னொன்று: பேத்தையிடம் டோல் 4 இல்லை. பாக்டீரியாவின் மேற்பூச்சைக் கண்டதும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவ அவதான். பல மீன்கள் அவவைக் கழற்றிவிட்டன. வரிக்குதிரை மீனில் இருந்தாலும் அந்த மேற்பூச்சை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவே மனிதனைக் கொல்லும் அளவு மேற்பூச்சு நச்சை மீன் சும்மா தாங்கிக்கொள்ளும். கரையேறிய எங்கட முன்னோரோ அவவைக் கைப்பிடியாய்க் கூட்டிவந்தார்கள். இரத்தத்தில் அந்த மேற்பூச்சுள்ள கிருமி ஏறினால் கிருமியைவிட அவ போடும் கூச்சலில்தான் இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நிற்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்குத்தர்மார் விடிய விடிய மல்லுக்கட்டுவதும் பல வேளை அவவோடுதான்.