ரோட்டுக்கு மார்க் போடப்போற மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. நம்ம புனே ஹடப்சர் ரோட்டுக்கெல்லாம் மார்க் போடப் போறியாமே! சைக்கிள் ஓட்ட எந்த ரோடு தோது, எது ஆவாதுன்னு கணக்கெடுத்து அபார்ட்மெண்ட் சங்கத்துல குடுக்கப் போறேன்னு உங்கத்தை சொன்னா. படிச்ச பிள்ளை, நல்லா செய். ஆனா ஒண்ணு, ரோடு ஃபெயிலானா ரோடு அழாது, அதைப் போட்டவன்தான் அழுவான். அதனால ஒருத்தர் மனசும் நோகாம மார்க் போடுற வழி ஒண்ணு இருக்கு. காதைக் குடு.

மொதல்ல நேரம் பாக்கணும். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்பு. காடிதள் டிப்போவுல பஸ்ஸெல்லாம் இன்னும் கண்ணு முழிச்சிருக்காது. மகர்பட்டா முக்குல சிக்னல் ஆளே இல்லாம பச்சையும் செவப்புமா தனியா வெளையாடிக்கிட்டு இருக்கும். ஒரு சோடி உழவு மாட்டு வெலை குடுத்து வாங்கினியே ஒரு கியர் சைக்கிள், அதுல ஏறி ஒரு மிதி மிதிச்சா ஃபாத்திமா நகர்ல போய் நிக்கும். 'மிக நன்று'ன்னு எழுதிப் போட்டுட்டு வந்து இட்லி சாப்பிடு. திங்கக்கிழமை காலை ஒம்பது மணிக்கு மட்டும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்துராதே. அந்த ரோடு 65-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. சோலாப்பூர், ஹைதராபாத் எல்லாம் தாண்டி மச்சிலிப்பட்டினம் வரைக்கும் போவுது. அதுல வர்ற லாரிக்கு ஹடப்சர்னு ஒரு ஊரு இருக்குறதே தெரியாது, உன் சைக்கிளா தெரியப் போவுது?

அடுத்தது அகலம். டேப்பைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிராதே, வீட்டுல உக்காந்து காகிதத்தை அள. காகிதத்துல நமக்குக் கொறையே கெடையாது. சைக்கிள் பாதைன்னா ரெண்டு மீட்டராவது இருக்கணும்னு இந்திய சாலைக் காங்கிரஸ் 1962-லேயே எழுதி வச்சாச்சு. 2006 டிசம்பர்ல கத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர்னு பஸ்ஸுக்குத் தனித் தடம் விட்டாங்க, பிஆர்டின்னு. நாட்டுலயே அதான் மொதல். அதை ஒட்டி சைக்கிளுக்கும் பாதை போட்டாங்க. எங்கயாவது ஒரு துண்டு மிச்சம் கெடந்தா போய் உத்துப் பாரு. மொதல்ல நாலு பேவர் பிளாக் ஒழுங்கா இருக்கும், அஞ்சாவது ஆடும். அப்புறம் ஒரு கரண்டு பெட்டி. அதுல சாய்ச்சு ஒருத்தன் புல்லட்டை நிறுத்தியிருப்பான். பக்கத்துல வடாபாவ் வண்டி, அது முன்னால நின்னு சாப்பிடுறதுக்கு ஆறு பேரு. ஒவ்வொரு கேட்டுக்கும் பாதை அரையடி எறங்கி அரையடி ஏறும், பின்னாடி குந்தியிருக்குற பிள்ளை பல்லைக் கடிச்சுக்கணும். கடைசியில ஒரு பஸ் ஸ்டாப்புக்குள்ள போய் பாதை முடிஞ்சுரும். இவ்வளவுக்கும் நடுவுல எதிர்த்தாப்புல ராங் சைடுல ஒரு ஸ்கூட்டர்க்காரன் வந்து நம்மளைப் பாத்து ஹாரன் அடிப்பான். ஊருல அத்தனை பேருக்கும் உதவுற பாதை அது. சைக்கிள்காரன் ஒருத்தனைத்தான் காணோம்.

புனே ஒரு காலத்துல சைக்கிள்களோட நகரம்னு பேரு வாங்கின ஊரு. மில்லுக்காரன், வாத்தியாரு, ஃபேக்டரிக்காரன் எல்லாரும் மிதிச்ச ஊரு. அதை மறக்கலை மாநகராட்சிக்காரங்க. 2017-ல மாநகராட்சி சைக்கிள் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. 800 கிலோமீட்டருக்கு மேல பாதையாம். அதே வருஷம் கர்வே நகர்ல சைக்கிளுக்கு ஒரு மியூசியமும் தெறந்தாங்க. இந்த ரெண்டுல எது முழுசா முடிஞ்சிருக்குன்னு உனக்கே தெரியும், நான் வேற சொல்லணுமா? வாடகை சைக்கிளும் அந்த வருஷக் கடைசியிலதான் வந்துச்சு. மஞ்சக் கலர்ல வந்த ஓஃபோ, மறு வருஷமே நாட்டை விட்டே போயிருச்சு.

இன்னும் நல்ல மார்க் வேணும்னா மகர்பட்டா கேட்டுக்கு உள்ள போய் எடு. ஒரு காலத்துல கரும்பு வெளைஞ்ச மண்ணு அது. 100 குடும்பத்துக்கு மேல வெவசாயிங்க 400 ஏக்கர் நெலத்தை ஒண்ணாச் சேத்து, வித்துட்டுப் போவாம, தாங்களே நகரம் கட்டி வச்சிருக்காங்க. கெட்டிக்காரங்க. உள்ள மர நெழலு, காரு மெதுவாப் போவும், சின்னப் பிள்ளைக சைக்கிள் விடும். கண்ணை மூடிக்கிட்டுப் பத்துக்குப் பத்து போடலாம். கடக்வாஸ்லா கால்வாய்க் கரையிலயும் காத்தோட்டமா ஒரு ரவுண்டு போனா இன்னொரு பத்து.

இப்ப ஒரு கேள்வி. நீ உள்ள போறப்ப கேட்டுல ஒருத்தன் சலாம் வைக்கிறானே வாச்மேன், அவன் எதுல வர்றான்? செவுத்தோரம் ஒரு கறுப்பு சைக்கிள் சாஞ்சு நிக்கும் பாரு, ஹேண்டில்ல டிபன் டப்பா தொங்கும். அவன் உள்ள ஓட்டுறதில்லை, மருமவனே. உன் பத்துக்குப் பத்து ரோட்டை அவன் நின்னு பாக்கத்தான் செய்யுறான். அவன் ஓட்டுறது வெளியில, மாஞ்சரிப் பக்கம், ராத்திரி டூட்டி முடிஞ்சு.

ஒருநாள் அவன் பின்னாலயே போ. கேட்டுல இருந்து முக்கு வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. மேம்பாலத்தடி வந்ததும் இடப்பக்கத்துல மேல ஏறுற வண்டியும் கீழ போற வண்டியும் பிரியும். இவன் நேரா போவணும். ரெண்டுக்கும் நடுவுல காலை ஊணி நிப்பான், கழுத்தைத் திருப்புவான். எறங்கி, டப்பாவை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே ஓடுவான். நூறு அடிதான். அப்புறம் ஏறி உக்காந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி மிதிப்பான். அந்த நூறு அடிக்கு என்ன மார்க் போடுவே? நீ எல்லாத்தையும் கூட்டி வகுத்து சராசரி எடுத்தா, அது கணக்குக்குள்ளயே காணாமப் போயிரும்.

நீதானே அன்னைக்கு வாசிச்சுக் காட்டுனே, 2012-ல அமெரிக்காவுல சான் ஹோசேவுல யாரோ ஆராய்ச்சி பண்ணி ரோட்டை நாலு தரமாப் பிரிச்சாங்கன்னு. மொதத் தரம் சின்னப் பிள்ளைக ஓட்டலாம். ரெண்டாவது பெரும்பாலான பெரியவுங்களுக்கு. மூணாவது பழகினவனுக்கு. நாலாவது உசுருக்குப் பயப்படாத சூரனுக்கு மட்டும். ஒரு பாதையில எது மோசமான துண்டோ, அந்தத் துண்டோட தரம்தான் முழுப் பாதைக்கும்னும் சொன்னே. அமெரிக்காக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான். ஒண்ணை மட்டும் விட்டுட்டான். நாலாந்தர ரோட்டுல தெனமும் போற நம்ம வாச்மேன் சூரன் இல்லை, அவனுக்கு வேற வண்டி இல்லை. அவனை எந்தத் தரத்துல சேப்பே?

உன் கணக்கெடுப்பு ஃபாரத்துல சேராத இன்னொரு ஆளும் இருக்கு. அடுப்படியிலதான் நிக்கா, மெதுவாப் பேசு. 1990-களோட தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்ப பொம்பளைக ஆயிரக்கணக்குல சைக்கிள் படிச்சாங்களே, அதுல உங்கத்தையும் ஒருத்தி. தண்ணிக்கொடத்தைப் பின்னால கட்டிக்கிட்டு செம்மண் ரோட்டுல வருவா. அந்த ரோடு ஒண்ணும் வழுவழுன்னு இல்லை, வண்டிதான் கம்மி. இங்க வந்து அஞ்சு நிமிச தூரத்துல இருக்குற காய்கறி மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோவுல போறா. முக்குல நின்னு நீ சைக்கிளை எண்ணினா அவ கணக்குல வரமாட்டா. 'ஓட்டவே ஆள் இல்லை, யாருக்குப் பாதை'ன்னு சங்கத்துல ஒருத்தர் கேப்பாரு பாரு, அவரை ஒருவாட்டி இங்க சாப்பிடக் கூட்டிட்டு வா. உங்கத்தை பதில் சொல்லுவா. சாப்பாடும் போடுவா, அதுக்கு அப்புறமா.

இந்த ஹடப்சர் ரோட்டுக்கு வழி விடத் தெரியாதுன்னும் சொல்லிராதே. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டர்பூர் போற பல்லக்கு வருதுல்ல? ஞானேஸ்வர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் ஹடப்சர் வரைக்கும் வந்து, இங்கதான் பிரியுது. ஒண்ணு திவே காட் ஏறி சாஸ்வட் பக்கம், இன்னொண்ணு சோலாப்பூர் ரோட்டோட லோணி கால்போர் பக்கம். அன்னைக்கு லாரியைக் காணோம், கார்க்காரன் சுத்துவழியில போறான், பெரிய மனுசங்க ஓரமா நின்னு தண்ணி குடுக்காங்க. அன்னைக்கு ரோடு முழுக்க செருப்புக் காலுக்கும் வெறுங்காலுக்கும்தான். அதே ரோடு, அதே அகலம். உன் ஃபாரத்துல அந்த நாளுக்கு ஒரு கட்டம் போட்டு வை, சங்கத்துக்காரங்க வாசிக்கட்டும்.

சரி, நேரமாச்சு. உன் கியர் வண்டி இங்கயே கெடக்கட்டும், என் ஹெர்குலிஸை எடுத்துக்கோ. முன் பிரேக் புடிக்காது, பின் பிரேக் மனசு வச்சா புடிக்கும், பெல்லு மட்டும் அருமையா அடிக்கும். கேரியர்ல அஞ்சு கிலோ அரிசியைக் கட்டித் தர்றேன், மாஞ்சரியில ஒரு வீட்டுல குடுக்கணும். சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினா சரியா இருக்கும், பாலத்தடி அப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கும். திரும்பி வர்றப்ப மார்க்கெட்டுல உங்கத்தைக்கு ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துரு. பேனாவை மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போ. மார்க்கை வந்து போட்டுக்கலாம்.