டூர் மாமா

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் தெருவுக்கு ஒரு டூர் மாமா உண்டு. அம்மாபேட்டையில் தறி போட்டிருப்பார், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பார், சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை நடத்துவார். தொழில்தான் வேறு, ஆள் ஒரே ஆள்தான். ஐம்பதைத் தொட்ட வயது, சட்டைப்பையில் கணக்குச் சிட்டை, தோளில் ஈரிழைத் துண்டு. கொல்லிமலை மேல் மேகம் இறங்கி இரண்டு நாள் நின்றுவிட்டால் போதும், கைபேசியை எடுத்துவிடுவார்.

"மாப்ள, மேல தண்ணி பிச்சிக்கிட்டு ஊத்துதாம். ஞாயித்துக்கெழம வண்டி போட்ரலாமா?"

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது யார் என்று கேட்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ கொல்லிமலை ஆகாயகங்கை அருவியுடையதாகவும் இருக்கலாம், நயாகராவுடையதாகவும் இருக்கலாம். தண்ணீர் விழுகிறதல்லவா, அது போதும் அவருக்கு.

வண்டி என்றால் டிராவலர் வேன். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், மடியில்தான் உட்கார வேண்டும். பாதி வழியில் குழந்தை சீட்டுக்கு இறங்கினால் அரை டிக்கெட். ஊர் திரும்பிய இரவே கணக்கை முடித்து, மிச்சம் ஆளுக்கு ஏழு ரூபாய் என்றால் அந்த ஏழு ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். காசு விஷயத்தில் மாமா அவ்வளவு சுத்தம். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அவருடைய சுத்தத்தைப் பற்றி இனிமேல் பேச அதிக வாய்ப்பு வராது.

சனிக்கிழமை இரவு மூட்டை கட்டும் படலம். நாமக்கல் மண்ணில் பிறந்தவன் முட்டையில்லாமல் மலையேறினால் கோழி சாபம் விடும் என்பது அவர் கொள்கை. மூன்று டிரே, தொண்ணூறு முட்டை, அவித்து மறுபடியும் டிரேயிலேயே அடுக்கியாகும். டிரே பண்ணையில் இரவல் வாங்கியது, திரும்பக் கொடுக்காவிட்டால் காசு பிடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு டிரேயிலும் கறுப்பு மையில் தன் இனிஷியலை எழுதிவிடுவார். அப்புறம் ஓர் அண்டா தக்காளிச் சோறு, ஒரு தூக்கு தயிர்ச் சோறு, சேலம் தட்டுவடை ஒரு டின். கடைசியாக ஒரு மஞ்சப்பை. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்தது. அரசாங்கம் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, "நாங்க எப்ப அதை வுட்டோம்?" என்று கேட்டவர் இவர். பையைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் டம்ளர் நூறு, பிளாஸ்டிக் பூசிய தட்டு ஐம்பது, கேரி பேக் ஒரு கட்டு. 2019 ஜனவரி ஒன்றாம் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பாதி அந்த மஞ்சப்பைக்குள் பத்திரமாக இருக்கும். எந்தக் கடையில், எந்தத் தொனியில் கேட்டால் அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்ததும் மலைப்பாதை ஆரம்பம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்காரர்கள் இருபது வளைவை வைத்துக்கொண்டு பேசுவதை மாமா ஒரு சிரிப்போடு கேட்டுக்கொள்வார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எப்போதும் அவருக்குத்தான். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டாதவனுக்கும் லாரி தெரியும்.

"ஏறி வர்ற வண்டிக்குத்தான் மொதல்ல வழி, எறங்கற வண்டி நிக்கோணும். எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்ல எறங்கோணும் தம்பி. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா லைனிங் கருகி, அவசரத்துக்குப் பிடிக்காது."

இது அத்தனையும் உண்மை. மலைக்கு வருகிற ஒவ்வொரு காரோட்டிக்கும் மாமாவை ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொன்னால் பாதி விபத்து குறையும். சாலையில் அவ்வளவு பொறுப்பு. சாலையின் ஓரத்தில்தான் பொறுப்பு தீர்ந்துபோகிறது. இருபதாவது வளைவுக்கு மேல் பின்சீட்டுக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குமட்ட ஆரம்பிக்கும். மாமா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, முதுகைத் தடவி, வாய் கொப்பளிக்க வைத்து, கவரின் வாயை இறுக்க முடிச்சுப் போட்டு, பள்ளத்தாக்கில் எறிவார். முடிச்சுப் போடாமல் எறிகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும்.

வளைவுச் சுவர்மேல் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். உணவு கொடுக்காதீர்கள் என்று வனத்துறை பலகை வைத்திருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்வார். கீழே நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திய கை சும்மா இருக்குமா? தட்டுவடை ஒன்று, சிப்ஸ் பாக்கெட் ஒன்று. காட்டில் பழமும் தளிரும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு, நாளெல்லாம் தார் ரோட்டில் சிப்ஸுக்குக் காத்திருந்து வண்டிச் சக்கரத்தில் மாட்டுவது இந்தப் புண்ணியத்தால்தான். பின்சீட்டு அத்தையின் கைப்பையை அதே குரங்கு பிடுங்கிக்கொண்டு மரமேறும்போது மட்டும் மாமா வனத்துறையைத் திட்டுவார்: "சம்பளம் வாங்கறானுங்க, ஒரு கொரங்கைக் கட்டுப்படுத்த முடியுதா பாரு."

மலை மேல் சோளக்காடு என்ற ஊரில் டீ. அங்கே மிளகும் அன்னாசியும் விற்கும் மலையாளிப் பழங்குடிப் பாட்டியிடம் இருபது நிமிடம் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைப்பார். குறைத்த பத்து ரூபாயைச் சிட்டையில் 'வரவு' என்றும் எழுதுவார்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் மாமா பயபக்தி. ஓடையில் இருக்கும் மீன்களுக்குப் பொரி போடாமல் அடுத்த அடி வைக்கமாட்டார். அந்த மீனை அறுத்துச் சமைக்கப் போனார்களாம், துண்டுகள் ஒன்றாய்ப் பொருந்தித் துள்ளி ஆற்றிலேயே விழுந்ததாம். கதையைக் குழந்தைகளுக்கு ராகம் போட்டுச் சொல்வார். ஒரு கதையால் ஓர் ஓடையின் மீன்களைத் தலைமுறை தலைமுறையாக யாரும் தொடாமல் காப்பாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும்போது, வனத்துறை பலகை எழுதுகிறவர்கள் கொஞ்சம் கதை எழுதவும் பழகலாமே என்று தோன்றுகிறது. மாமா பலகை படிக்கமாட்டார், கதை என்றால் நம்புவார்.

கோயிலிலிருந்து அருவிக்குப் படிக்கட்டு. ஆயிரத்துக்கு மேல், செங்குத்தாக. எல்லா மலையிலும் முதலில் ஏறிவிட்டு அப்புறம் இறங்குவோம், இங்கே தலைகீழ். முதலில் இறக்கம், கூத்தும் கும்மாளமும். மாமா துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, ஏறி வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தண்ணி எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார். அவர்கள் பதில் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார்கள். முட்டி நடுங்க, கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து நிற்கும் அவர்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பே இல்ல" என்பார். இரண்டு மணி நேரத்தில் அதே கம்பியை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கப்போவது படிக்கட்டுக்குத் தெரியும்.

அருவி சுமார் முந்நூறு அடி. தூரத்திலேயே சாரல் முகத்தில் அடிக்கும், பேச்சு காதில் விழாது. அந்த இடத்தில் எவனும் ஒரு கணம் வாயடைத்து நிற்பான். மாமாவும் நிற்பார். நின்றுவிட்டு, டவுசர் பையிலிருந்து ஷாம்பூ பாக்கெட் சரத்தை எடுப்பார். வீட்டில் ஒரு பாக்கெட்டை மூன்று பேருக்குப் பங்கு போடுகிறவர் இங்கே ஆளுக்கு ஒன்று கிழிக்கிறார். கிழித்த துண்டைப் பல்லிலிருந்து துப்புகிறார். குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் எல்லாவற்றுக்கும் உயர் நீதிமன்றமே தடை போட்டிருப்பது அவருக்கும் தெரியும். "அது குத்தாலங்க, இது நம்ம ஊர்" என்பார்.

இந்தத் தண்ணீருக்கு அய்யாறு என்று பேர். விழுந்த இடத்திலேயே அது நின்றுவிடுவதில்லை. மலையின் சரிவில் பாறை பாறையாக இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் போய் வெளிப்படும். அங்கே துறையூர்ப் பக்கத்து டூர் மாமா ஒருவர் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அள்ளி, புது மருமகனிடம் நீட்டிக்கொண்டிருப்பார்: "குடிங்க மாப்ள, அத்தனையும் மூலிகைத் தண்ணி. ஆகாயகங்கையில இருந்து நேரா வருது." நேராக வருவது உண்மைதான். நம் மாமாவும் கோடையில் புளியஞ்சோலைக்கு ஒரு வேன் போடுவார். அங்கே போனால் அவரும் அள்ளிக் குடிப்பார், "என்ன ருசி, என்ன ருசி" என்பார். மேலே கோயில் ஓடையில் மீனுக்குப் பொரி போட்டவர், கீழே இருக்கிற மீனுக்கு ஷாம்பூ போடுகிறார் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை. தலையின் எண்ணெயைக் கழற்றுகிற அந்தச் சரக்கு மீனின் செவுளில் இருக்கிற வழவழப்பையும் கழற்றிவிடும், மீன் மூச்சுக்குத் திணறும்.

அருவிக்கரையில் வாச்சர் தம்பி ஒருவர் நிற்பார். மலையிலேயே பிறந்த பையன். திடீரென்று விசில் ஊதுவார்.

"எல்லாரும் வெளிய வந்துருங்க! மேல மழ பேயுது!"

"தம்பி, மேல பாரு, வெயில் பல்லக் காட்டுது."

"இங்க வெயிலுங்கண்ணா. அந்தப் பக்கம் பேயுது. தண்ணியில எலயும் சுள்ளியும் வருது பாருங்க, நெறம் மாறுது."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் இங்க குளிச்சவன்."

தம்பி சரியாகத்தான் சொல்கிறார். தண்ணீர் கலங்குவதும், சருகு மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் முன்னறிவிப்பு, அதற்கப்புறம் கிடைப்பது சில நிமிடம்தான். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அந்த வீடியோவை நாற்பது பேருக்கு 'கவனமா இருங்க' என்று அனுப்பியவர் மாமா. இப்போது அத்தை கரையிலிருந்து, "ஏனுங்க, வர்றீங்களா, நான் வரட்டுங்களா?" என்று ஒரு குரல் கொடுத்ததும் வெளியே வந்துவிட்டார். விசிலுக்கு வராதவர் அதற்கு வருவார். வாச்சர் வேலைக்கு அத்தைகளைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சாப்பாடு பாறை மேல். தட்டு, டம்ளர், பிஸ்கட் கவர், ஷாம்பூத் தோல் எல்லாம் பாறை இடுக்கில். இரண்டு மாப்பிள்ளைகள் 'அந்தப் பக்கம் போட்டோ எடுத்துட்டு வர்றோம்' என்று போய்ச் சிவந்த கண்ணோடு வருவார்கள், பாட்டில் அங்கேயே உடைந்து கிடக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள், முட்டை டிரே மூன்றும் எண்ணி எடுக்கப்பட்டுவிட்டது. டிரேக்குக் காசு உண்டு. தொண்ணூறு முட்டையின் ஓட்டையும் அத்தை ஒன்று விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டார். அது வீட்டு ரோஜாச் செடிக்கு. தயிர்த் தூக்கு, அண்டா, கரண்டி எல்லாம் கணக்கு சரி. மலையில் தங்கிவிட்டது கணக்கில் வராதது மட்டும்தான்.

மாமாவை அழுக்கர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் நியாயமில்லை. மதிப்பில்லாத பொருளை அவரால் கண்ணால் பார்க்கவே முடியாது, அவ்வளவுதான். இதை நன்றாகப் புரிந்துகொண்டது நீதிமன்றம்தான். நீலகிரியில் உடைந்த மது பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில், உயர் நீதிமன்றம் சொன்னபடி 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன.

அந்தச் சமயத்தில் மாமா ஊட்டிக்கு ஒரு வேன் போட்டார். மாப்பிள்ளைகளின் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அது சாதாரண மனிதர் செய்கை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, தேயிலைச் செடி ஓரத்தில் முகம் தெரியாதவன் எவனோ குடித்துப் போட்டதை எல்லாம் பொறுக்கி, அந்தப் பத்து ரூபாய் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பார்த்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். அன்றைய சிட்டையில் டீச் செலவு மொத்தமும் பாட்டில் வரவில் நேராகியிருந்தது. "ஊட்டிய என்னமா வச்சிருக்கான் பாரு, ஒரு பாட்டில் கெடையாது" என்று வழியெல்லாம் புகழ்ந்தார்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் ஆகாயகங்கை. வாச்சர் தம்பி பாறை இடுக்கில் குனிந்து ஷாம்பூத் தோல்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மாமா ஆர்வத்தோடு பக்கத்தில் போய்க் குந்தினார்.

"தம்பி, இதுக்கு என்ன ரேட்டு?"

"எதுக்குங்கண்ணா?"

"இந்த ஷாம்பூ பாக்கெட்டுக்கு. கிலோக் கணக்கா, எண்ணிக்கையா?"

"ரேட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்கண்ணா."

மாமாவுக்குப் புரியவில்லை. சாக்கைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்கு சாமி நீ பொறுக்கற?"