ஏதோ எர்ரர் வருது

“ஏதோ எர்ரர் வருது சார்” என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். பெரும்பாலும் முழு வாக்குமூலமும் அதுவே. என்ன எர்ரர் என்று கேட்டால், “பெருசா வருது சார்” என்பார். இன்னும் நெருக்கிக் கேட்டால் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக விழுந்திருக்கும், கீபோர்டின் மேல்வரிசை இருக்கும், பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ் இருக்கும். ‘ஈ’ போட்டுத் தொடங்கும் அந்தக் கடைசி இரண்டு வரிகள் மட்டும் இருக்காது. டெர்மினலைத் திறந்து ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் எந்த அலுவலகத்திலும், எந்தக் கல்லூரி லேபிலும் இவர் ஒருவராவது உண்டு. இவருக்குக் கணினி தெரியாது என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே தெரியும். படிக்கவும் தெரியும், படிக்கமாட்டார், அவ்வளவுதான். என் கட்சி இதுதான்: உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ்களில் அப்டேட்டில் வரும் கோளாறு அநேகமாகச் சின்னது. அதைப் படிக்காமல் இவர் பார்க்கும் வைத்தியம்தான் பெரிய கோளாறு.

இவருடைய கைவண்ணத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பூட்டு விவகாரத்துக்கு வரவேண்டும். காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் உபுண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல், பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பின்னணியில் தானாகவே போட ஆரம்பிக்கும். அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ் என்று அதற்குப் பெயர். எந்த பேக்கேஜ் இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது என்ற கணக்கை டிபிகேஜி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கைவைக்கக் கூடாது என்பதற்காக, முதலில் வந்தவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்வது ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து நம்மவர், பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உள்ள ஆப்ட் கட்டளையை அடிக்கிறார். அது மரியாதையாகவே பதில் சொல்கிறது: பூட்டு கிடைக்கவில்லை, வேறு ஒரு புராசஸ் அதை வைத்திருக்கிறது. புதிய பதிப்புகளில் அந்த புராசஸின் எண்ணையும் பெயரையும் சொல்லி, காத்திருக்கிறேன் என்று விநாடிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. ஒரு இயந்திரம் இதற்கு மேல் எப்படி எடுத்துச் சொல்லும்? நம்மவர் அதில் முதல் நாலு வார்த்தையை மட்டும் பிரவுசரில் தட்டுவார். பல வருஷத்துக்கு முன் யாரோ யாருக்கோ சொன்ன ஒரு பதில் வரும்: அந்த லாக் கோப்பை அழித்துவிடு. காப்பி, பேஸ்ட், பாஸ்வேர்டு. உள்ளே ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போது தாழ்ப்பாள் திறக்கவில்லை என்று கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கிற காரியம் இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அழித்தது பூட்டையே அல்ல. லாக் என்று பெயர் வைத்த அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் கிடக்கிறது, யாரும் அப்டேட் செய்யாதபோதும். உண்மையான பூட்டு, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புராசஸின் பெயரில் கெர்னல் எழுதிக்கொள்ளும் குறிப்பு. அந்த புராசஸ் முடிந்தாலோ செத்தாலோ குறிப்பும் அந்தக் கணமே போய்விடும். ஆகவே இரண்டே நிலைமைதான். ஒன்று, பூட்டை யாரும் வைத்திருக்கவில்லை. அப்படியானால் அந்தச் செய்தியே வந்திருக்காது, கோப்பை அழிப்பதால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, உயிரோடு ஒரு புராசஸ் வைத்திருக்கிறது. அப்போது அழித்தால் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்று உண்டாகும், அடுத்து வரும் ஆப்ட் அதன்மேல் தனியாக ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும், இரண்டு பேரும் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். பயனில்லை, அல்லது ஆபத்து. மூன்றாவது வகை கிடையாது. “எனக்கு வேலை செஞ்சுதே ப்ரோ” என்று அவர் மார்தட்டுவதற்கும் விளக்கம் இருக்கிறது. பிரவுசரைத் திறந்து, தேடி, இரண்டு பதிலைப் புரட்டி, மூன்றாவதை நகலெடுத்து ஒட்டுவதற்குள் பின்னணியில் நடந்த அப்டேட் பல சமயம் தன்பாட்டுக்கு முடிந்திருக்கும். சும்மா உட்கார்ந்து டீயைக் குடித்திருந்தாலும் சரியாகியிருக்கும். டீக்குப் போகவேண்டிய பெயர் கோப்பை அழித்த ஆர்எம் கட்டளைக்குப் போய்விட்டது, அன்றிலிருந்து அவர் அதை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்.

அந்த வைத்தியம் வேலை செய்யாத நாளும் ஒன்று வரும். டிபிகேஜி நடுவில் அறுந்துபோயிருக்கும், அப்போதும் ஆப்ட் கைவிடுவதில்லை. வேலை பாதியில் நின்றுவிட்டது, ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை நீங்களே அடிக்கவேண்டும் என்று, கேள்வித்தாளிலேயே விடையை அச்சடித்துக் கொடுக்கிறது. அப்படியே அடித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. நமக்கு வந்து சேர்வது என்ன? இன்னொரு போட்டோ. இந்தத் தடவை செங்குத்தாக.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இந்தச் செய்திகள் மனுஷனுக்காக எழுதப்பட்டவையே அல்ல. இன்ஜினியர் இன்ஜினியருக்கு எழுதிக்கொண்டவை, அதுவும் ஆங்கிலத்தில். பயனரைக் குற்றம் சொல்வது அநியாயம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2021 நவம்பரில் லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலில் வந்த காட்சி உலகப் பிரசித்தம். லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளைப் போடப் பார்க்கிறார். மவுஸால் கிளிக் செய்தபோது முடியாது என்றது. டெர்மினலுக்குப் போனார். அங்கே, அத்தியாவசியமான பேக்கேஜ்கள் நீக்கப்படப் போகின்றன, என்ன செய்கிறோம் என்று திட்டவட்டமாகத் தெரியாமல் இதைச் செய்யாதே, தொடர வேண்டுமானால் ‘ஆமாம், நான் சொன்னபடி செய்’ என்று முழு வாக்கியத்தையும் அடி என்றது ஆப்ட். அடித்தார். அது சொன்னபடி செய்தது. டெஸ்க்டாப்பே காணாமல் போயிற்று. மூலகாரணம் அவர் அல்ல, ஸ்டீம் பேக்கேஜின் சார்புகளில் இருந்த கோளாறு. ஒரு கேம் மென்பொருளைப் போடப் போனவனிடம் டெஸ்க்டாப்பைக் கழற்றட்டுமா என்று ஒரு கருவி கேட்பதே தப்பு என்று வாதாடினால் நான் மறுக்கமாட்டேன். ஆப்ட்டை எழுதுகிறவர்களும் மறுக்கவில்லை. அதன்பிறகு அந்த வாக்கியத்தை அடிக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13-உடன் வந்த ஆப்ட் 3.0, நீக்கப்போவதைச் சிவப்பிலும் நிறுவப்போவதைப் பச்சையிலும் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது.

அவர்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நம்மவர் பங்கு? இங்கேதான் ஆட்சேபம் நொண்டுகிறது. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கொண்டு சிஸ்டம் பைத்தானுக்குள் நேரடியாக எதையும் போட முடியாது. முயன்றால் நீளமான ஒரு விளக்கம் வரும். இந்த பைத்தானை ஆப்ட் நிர்வகிக்கிறது, முடிந்தால் ஆப்ட் வழியாகவே போடு, இல்லாவிட்டால் தனியாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டாக்கி அதற்குள் போடு என்று தெளிவாக, உதாரணக் கட்டளைகளோடு சொல்லும். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில், பைத்தானோ ஆபரேட்டிங் சிஸ்டமோ உடைந்தாலும் பரவாயில்லை என்றால் ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்த்துக்கொள் என்று ஒரு தப்பு வழியையும் காட்டும். பயமுறுத்துவதற்காகவே வைத்த பெயர் அது. இதற்கு மேல் வெளிப்படையாக ஒரு பெயர் வைக்க முடியாது. இத்தனை வரியையும் தாண்டி நம்மவர் கண்ணில் படுவது அந்த ஒன்றுதான். பிறகு அது அவர் விரலோடு ஒட்டிக்கொள்ளும். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் சேர்த்துக்கொள்வார். ஆங்கிலம் புரியவில்லை என்று இவர் சொல்ல முடியாது. வீட்டுக்கடன் ஒப்பந்தத்தில் பிராசசிங் ஃபீஸ் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து மேனேஜரிடம் சண்டை போட்டவர் இவர்.

அதற்காக எல்லாச் செய்தியும் நேராகப் பேசும் என்று சாதிக்கவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன பழைய டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். ஆப்ட் தன் களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பில் இருக்கும் தேதியைப் பார்க்கும், கணினியின் தேதியைப் பார்க்கும், இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இத்தனை நாள் கழித்துத்தான் ஆகும் என்று சொல்லும். பேட்டரி தீர்ந்தது என்று சொல்லாது. கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்காலத்திலிருந்து ஒரு கோப்பு வந்திருக்கிறது என்று இயந்திரம் சொன்னால், திரையில் இருக்கும் தேதியை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவேண்டாமா? இவர் மிர்ரரை மாற்றுவார், டிஎன்எஸ்ஸை மாற்றுவார், ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார், கடைசியில் உபுண்டுவையே மறுபடி நிறுவுவார். பூட் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பி இடமில்லை என்று வந்தால் ஹோம் ஃபோல்டரிலிருந்து சினிமாக்களை அழிப்பார். கன்ஃபிக் கோப்பை மாற்றட்டுமா, பழையதையே வைத்துக்கொள்ளட்டுமா என்று டிபிகேஜி கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டினால் பழையது தப்பிக்கும். இவர் ஒய் அடிப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லவேண்டும். வேறு யாரும் தொடாமல் ஒதுக்கிவைத்த பழைய கணினிகளில் லினக்ஸைப் போட்டு ஓடவைத்தவரும் இவர்தான். விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று பக்கத்து செக்‌ஷன் அக்கா புலம்பினால், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு பென் டிரைவோடு போய் நிற்பவரும் இவரே. கருப்புத் திரையைக் கண்டு அவருக்குப் பயமில்லை. பயமில்லாதவர்கள் இல்லாவிட்டால் டெர்மினல் நம் ஊர்களில் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்தத் தைரியத்தில் கொஞ்சத்தைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றும். அவருடைய இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கும்வரை.

“நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா வந்துச்சு.” படிக்காததைக்கூட மன்னித்துவிடலாம், இதை முடியாது. உதவிக்கு வருகிறவன் ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கத்தை விட்டு உட்கார்ந்து, இல்லாத காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுகிறான். அழித்த லாக் கோப்பையும், ஒட்டிய மூன்று கட்டளைகளையும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. கேட்டால், திட்டுவீர்கள் என்று சொல்லவில்லை என்பார். திட்டமாட்டோம் ஐயா, சொல்லுங்கள். எர்ரர் வரியை மவுஸால் இழுத்து, காப்பி செய்து, எழுத்தாகவே அனுப்புங்கள். அதற்கு முன் என்னென்ன அடித்தீர்கள் என்பதையும் வரிசையாக எழுதுங்கள். மறைத்தும் பெரிதாக ஆகப்போவதில்லை. ‘வார்’ என்ற அடைவுக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’, அங்கே ஹிஸ்டரி.லாக் என்றொரு கோப்பு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ஆப்ட் கட்டளையால் எந்தெந்த பேக்கேஜ் வந்தது, எது போனது, சூடோ போட்டுக் கேட்டவர் யார் என்று பெயரோடு அதில் இருக்கிறது. அதைத் திறந்து படிக்க சூடோகூட வேண்டியதில்லை.