பத்மினியும் அடைக்கோழியும்

வா கண்ணு, திண்ணையில உக்காரு. பழைய காரு ஒண்ணு வாங்கி ராலிக்குப் போறயாமா? ஊருக்குள்ள அதே பழமைதான். வண்டி இன்னும் வரலை, கண்ணாடியில ஒட்டற ஸ்டிக்கர் மட்டும் வந்துருச்சுன்னு உங்கம்மா சொன்னா. போச்சாது. காளை வாங்கறதுக்கு முந்தியே சலங்கை வாங்கி வெச்ச வம்சம் நம்முளுது.

கையில காசு கம்மி, அதனால பத்மினி தேடறேன்னயாக்கும். அதுல ஒண்ணும் தப்பில்லை. 1964-ல ஃபியட் 1100 டிலைட்டுன்னு வந்த வண்டி, 1974-ல பத்மினின்னு பேரு மாத்திக்கிச்சு. அது சித்தூர் ராணி பேரு. இங்கத்த ஆளுக சினிமா பத்மினின்னு நெனச்சுட்டுத் தொடச்சுத் தொடச்சு வெச்சிருந்தாங்க. அந்தப் புண்ணியத்துலதான் நாலு வண்டி இன்னும் பொழச்சுக் கெடக்குது. 1089 சிசி இஞ்சின், சுமார் 40 குதிரை. அதுல எத்தனை குதிரை செத்துப்போச்சு, எத்தனை படுத்துக் கெடக்குதுன்னு நீதான் எண்ணிப் பாத்துக்கோணும்.

செரி, ராலின்னா என்னான்னு சொல்லு பாக்கலாம். வெரசாப் போறதா? அட கிறுக்கா! வெரசாப் போறதுக்குச் செட்டிபாளையத்துல ரேசுக்காரர் கரிவர்தன் பேர்ல ஒரு தடமே போட்டு வெச்சிருக்கறாங்க, அங்க போ. ரோட்டு ராலியில சொன்ன வேகத்துல, சொன்ன நேரத்துக்கு வந்து சேரோணும். சராசரி 36-ன்னு காகிதத்துல போட்டிருந்தா, கிலோமீட்டருக்கு 100 நொடி. 10 கிலோமீட்டருக்கு 16 நிமிசம் 40 நொடி. எந்தப் புளியமரத்தடியில கண்ட்ரோலுன்னு ஆளு கடியாரத்தோட உக்காந்திருப்பான்னு உனக்குத் தெரியாது. லேட்டாப் போனாலும் மார்க்கு போச்சு, முந்திப் போனாலும் போச்சு. பொண்ணு பாக்கப் போறாப்ல வெச்சுக்கோ. லேட்டாப் போனா மரியாதை இல்லை. முந்திப் போனா மாமனாரு இன்னும் கோவணத்தோட கெணத்துமேட்டுல நிப்பாரு.

வண்டி பாக்கப் போறப்ப ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கோ. விக்கறவன் இஞ்சினை உறும விட்டுக் காட்டுவான். நீ காந்தத்தை மேல ஒட்டிப் பாரு. ஒட்டுச்சுன்னா தகரம், வழுக்குச்சுன்னா பட்டி. இந்த வண்டிக்குத் தனியா சேஸ் கெடையாது அப்புனு, தகரந்தான் எலும்பு. காலடி மிதியடியைத் தூக்கிப் பாரு, ஜாக்கி வெக்கற எடத்தைப் பாரு, வில்லுப்பட்டை வந்து மாட்டற எடத்தைப் பாரு. பெயிண்டு மினுமினுன்னு இருக்குது, அடியில வெரலு உள்ள போகுதுன்னா, கும்புடு போட்டுட்டு வந்துரு. இஞ்சினைப் பிரிச்சுச் செஞ்சுக்கலாம். எலும்பு உளுத்துப் போனதுக்கு எந்தப் பட்டறைக்காரனும் மருந்து தரமாட்டான்.

அப்புறம் உன்ற திட்டத்துக்கு வர்றேன். அகலமான டயரு, ரெட்டைக் கார்புரேட்டரு, முன்னால நாலு லைட்டு, ஆரஞ்சுக் கலரு. நோம்பிக்குத் தேர் கட்டறயா, கண்ணு? டயரு சுத்தளவு பெருசாப் போனா மீட்டரு கம்மியாக் காட்டும், அது தெரியுமா? 100 கிலோமீட்டருல 3 கிலோமீட்டரை முழுங்குச்சுன்னா, 36 வேகத்துல 5 நிமிசம் போச்சு. ஒறம்பரை வந்துட்டுப் போன மாதிரி பரிசும் வந்துட்டுப் போயிரும். கம்பெனி அளவுலயே புது டயரு போடு. தூரம் தெரிஞ்ச ரோட்டுல ஓட்டி, மீட்டரு எத்தனை பொய் சொல்லுதுன்னு எழுதி வெச்சுக்கோ. பொய் சொல்லறது குத்தமில்லை, எத்தனைன்னு நமக்குத் தெரியோணும்.

நாலு லைட்டு போட்டே ஆகோணும்னா ரிலே வெச்சுப் போடு. பழைய ஒயரு அத்தனை கரண்டைத் தாங்காது, ஸ்விட்சே அடுப்பாயிரும். கலரு மாத்தினா ஆர்சி புக்குலயும் மாத்தோணும். 15 வருசம் தாண்டின வண்டின்னா பதிவு புதுப்பிச்சிருக்குதான்னு பாரு. இல்லீன்னா மொத செக் போஸ்ட்டே உனக்குக் கடைசி கண்ட்ரோலு.

அந்தக் கார்புரேட்டரு காசை எங்கிட்டக் கொடு, சொல்லித் தர்றேன். சிரிக்காதே, பிரேக்குக்குத்தான் கேக்கறேன். இதுல நாலு சக்கரத்துக்கும் டிரம்முதான். வீல் சிலிண்டரு ரப்பரு, பிரேக்கு ஓசு, ஆயிலு எல்லாம் ஒட்டுக்கா மாத்து. பிரேக் ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். குடிச்சது சூடானா காலை வாரிவிடும். ஓடைத் தண்ணியில எறங்கி ஏறினா, மெதுவாப் போயிட்டே பிரேக்கை லேசா மிதிச்சு டிரம்மைக் காய வெச்சுட்டுத்தான் வெரசாப் போகோணும்.

பொறவு ரேடியேட்டரு. அடைப்பெடுத்து, ஓசும் ஃபேன் பெல்ட்டும் புதுசாப் போடு. வெயில்ல ஏத்தம் ஏறினா பெட்ரோலு குழாயிலயே ஆவியாகி வண்டி மக்கர் பண்ணும். பம்பு மேல ஈரத்துணி போட்டா எந்திரிச்சுரும். அந்தக் காலத்து டிரைவருக எல்லாரும் ஒரு துண்டு வெச்சிருந்தது மொகம் தொடைக்கன்னா நெனச்சே?

டிக்கியில பாயிண்டு, பிளக்கு, ஃபியூசு, கயிறு, தீயணைப்பான், எல்லாம் கட்டிப் போட்டிரு. கண்டென்சரு மட்டும் புதுசா டப்பாவுல வெக்காதே. மாட்டி ஓட்டிப் பாத்து, நல்லா இருக்கறதைக் கழட்டி வெய்யி. புது மாப்பிள்ளையை நம்பி ஏரு பூட்ட முடியாது.

எல்லாம் முடிஞ்சா ஆழியாருலிருந்து வால்பாறைக்கு ஒரு நட போயிட்டு வா. 40 கொண்டை ஊசி. ஏறறப்ப ரேடியேட்டரு பேசும், எறங்கறப்ப பிரேக்கு பேசும். வெட்டியாப் பேசறது நீ ஒருத்தன்தான்.

பக்கத்துல உக்காந்து வழிக் காகிதம் படிக்கறவன் முக்கியம். காகிதத்துல குண்டு போட்ட எடம் நீ நிக்கற எடம், அம்பு போற தெசை. ஓடற வண்டியில குனிஞ்சு படிச்சும் வாந்தி எடுக்காதவன், நீ திட்டினாலும் கோவிச்சுக்காதவன் வேணும். உன்ற சிநேகிதனுகளை எனக்குத் தெரியும். உங்கம்மாளைக் கூட்டிட்டுப் போ. உன்ற தப்பை நொடிக் கணக்குல சொல்ல அவளுக்குத்தான் பழக்கம்.

என்னடா, கட்டுத்தறிப் பக்கமே பாத்துட்டிருக்கறே? ஆமா, வைக்கோலுக்கு அடியில தெரியறது பத்மினிதான். காந்தத்தை எடுத்துட்டு வந்திருக்கறயா? பாத்தயா, கேட்டதும் மொகம் தொங்கிப் போச்சு! போ, ஒட்டும். என்றது எல்லாம் தகரம். வெலையைப் பொறவு பேசலாம்.

இப்போதைக்குக் கதவைத் தொறந்துராதே. பின்சீட்டுல கோழி அடை உக்காந்திருக்குது, நேத்துத்தான் முட்டை வெச்சேன். 21 நாளு. அவ முந்தவும் மாட்டா, பிந்தவும் மாட்டா. நீயும் அன்னிக்கு வா. சொன்ன நாள்ல வந்து சேர்றயான்னு பாத்துட்டுச் சாவி தர்றேன்.