விலாசம் எதற்காகச் சாய்கிறது?

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து இக்கட்டுரையாளருக்கு மனசே சரியில்லை. வாடகை நேராக நிற்கிறது, சாப்பாட்டுக் கூடம் நேராக நிற்கிறது. விலாசம் மட்டும் வலப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. தமிழ் எழுத்து. யாரோ தோளில் கைவைத்துத் தள்ளிய மாதிரி புள்ளிகளெல்லாம் அடுத்த எழுத்தின் தலையை நோக்கி நகர்ந்திருக்கின்றன.

பக்கம் செய்தவர் இப்படிக் கேட்கவே இல்லை என்பதுதான் கொடுமை. பிரவுசர் கையோடு ஒரு ஸ்டைல்ஷீட்டைக் கொண்டுவருகிறது. எம், ஐ, சைட், டிஎஃப்என், வார், அட்ரஸ் என்ற டேகுகளுக்குள் எது வந்தாலும் அது இட்டாலிக், அதாவது சாய்வெழுத்து. எம் என்றால் அழுத்தம், புரிகிறது. சைட் என்றால் புத்தகத் தலைப்பு. ஆங்கிலத்தில் அதைச் சாய்த்து அச்சிடும் வழக்கம் உண்டு. வார், கணக்கு வாத்தியாரின் எக்ஸும் ஒய்யும். விலாசத்துக்கு என்ன வந்தது?

‘புதிய எண் 14, பழைய எண் 9’ என்பதில் எங்கே உணர்ச்சி பொங்குகிறது? இரண்டு எண்ணில் எதை அழுத்திச் சொல்வது என்று சென்னைக்காரருக்கே தெரியாது. ‘பெட்ரோல் பங்க் பின்புறம்’ என்பதை ரகசியக் குரலில் படிக்க வேண்டுமா? ‘மாடியில்’ என்பதைச் சாய்த்தால் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்று பொருளா? 1972 ஆகஸ்ட் 15 முதல் நிமிர்ந்து நின்ற பின்கோடு, ஆறு இலக்கமும் வரிசையாகத் தள்ளாடுகிறது. குறுக்குச் சந்தாவது பரவாயில்லை, அது நேரிலும் கோணல்தான். ‘முதல் மெயின் ரோடு’ என்ன பாவம் செய்தது? தபால்காரர் தலையைச் சாய்த்துப் படிக்க, கூரியர்காரர் போனைச் சாய்த்துப் படிக்க...

சரி, விஷயத்துக்கு வருவோம். இட்டாலிக் என்பது வெறும் சாய்வல்ல. வெனிஸில் 1501இல் ஆல்டஸ் மனுஷியஸ் ஒரு வெர்ஜில் பதிப்பை வெளியிட்டார். அதற்கான இட்டாலிக் எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிய வேலையல்ல அது. கையெழுத்தைப் பார்த்துத் தனியாகச் செதுக்கியது. பெரிய எழுத்துகளை அவர் நேராகவே விட்டுவிட்டார். வெறுமனே சரித்த எழுத்து ஒப்ளிக். ஸ்டைல்ஷீட்டில் கோணம் சொல்லாமல் ஒப்ளிக் என்று எழுதினால் 14 டிகிரி. கழித்தல் குறி போட்டால் இடப்பக்கம் சாயும். கழித்தல் 90 வரை அனுமதி இருக்கிறது. யாருக்கு வேண்டுமாம்?

விண்டோஸின் தமிழ் ஃபான்ட்களான லதா, நிர்மலா இரண்டிலும் சாய்வெழுத்து கிடையாது. இல்லாத எழுத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லும் நாணயம் பிரவுசருக்கு இல்லை. நேர் எழுத்தையே சரித்து இதுதான் இட்டாலிக் என்று நீட்டும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற ஃபான்டில் சாய்வுக்கென்றே வரைந்த எழுத்து இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்து சேர்ப்பவரின் லட்சணம் தனிக் கதை. ஸ்டைல்ஷீட்டில் ஃபான்டைப் பதியும் ஃபான்ட்-ஃபேஸில் ஃபான்ட்-ஸ்டைல் எழுத மறந்தால் அது நார்மல் என்றே பதிவாகும். கோப்பின் பெயரிலேயே இட்டாலிக் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் பிரவுசர் அதைச் சட்டை செய்யாது. ஒரே பெயரில் நேரும் சாய்வும் இப்படிப் பதிவானால் பின்னால் வந்தது ஜெயிக்கும், முழுப் பக்கமும் சரியும். இட்டாலிக்குக்குத் தனிக் குடும்பப் பெயர் வைத்து, நார்மல் என்று பதிந்து, எம் டேகில் போடுகிறவர் இன்னும் சாமர்த்தியசாலி. ஏற்கெனவே சாய்ந்த எழுத்தைப் பிரவுசர் மறுபடி சரிக்கும். இரட்டைச் சாய்வு. அப்படிச் சாய்ந்த விலாசத்தை வைத்து மண்டபத்தைத் தேடிப் போனால் முகூர்த்தம் முடிந்து பந்தியும் எடுத்திருப்பார்கள்.

பிரவுசரின் இந்தப் போலிச் சாய்வைத் தடுக்க ஒரு வரி போதும்: ஃபான்ட்-சிந்தசிஸ், நன். பிரவுசர் தானாக எதையும் சரிக்காது, தடிமனாக்கவும் செய்யாது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் வெகு நாளாக இருக்கிறது. குரோமுக்கு 2022 ஜனவரியில் வந்தது. தமிழில் பக்கம் செய்கிறவர்கள் தயவுசெய்து அந்த வரியைச் சேருங்கள். கூடவே, அட்ரஸ் டேகுக்கு ஃபான்ட்-ஸ்டைல் நார்மல் என்றும் எழுதிவிடுங்கள்.