சொல்லாததைச் சொல்லும் முதலாளி

ஆவுடையார்கோவில் கடைவீதியில் ஒரு கடையின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒப்புக்கொள்ளும் இளைஞர் முதல் நாள் கேட்கும் வாசகம், "எல்லாம் நீங்களே பாத்துப் போடுங்க தம்பி" என்பதாகத்தான் இருக்கும். நீங்கள் போடுங்கள், நான் திருத்துகிறேன் என்பது இதன் உட்பொருள். நகரத்து ஏஜென்சிகள் புது வாடிக்கையாளரிடம் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். 'யாரைச் சென்றடைய விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு நம் முதலாளி 'எல்லாரையும்' என்று எழுதுவார். நிறம் என்ற இடத்தில் 'பளிச்சுன்னு'. இரண்டும் சத்தியம்தான், இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. புதுப் பார்ட்டியை அறிய அவர் சொல்வதைக் கேட்பதைவிட அவர் திருத்துவதைக் கவனிப்பதே வழி என்பது என் கட்சி.

முதல் டிசைன் வாட்ஸ்அப்பில் போகிறது. உடனே நீல டிக் விழும், பதில் விழாது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வரை அது போய்வர வேண்டும். மறுநாள் வரும் திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம். "அப்பா படத்தை மேல வைங்க" என்றால், ஊர் இன்னும் அப்பாவின் பெயருக்காகத்தான் படியேறுகிறது. "தள்ளுபடின்னு போட்ராதீங்க, கேக்குறவங்களுக்கு மட்டும் குறைச்சுக்கலாம்" என்பதில் கடையின் விலைக் கொள்கை முழுவதும் அடங்கிவிட்டது. போன வருஷக் காதுகுத்து பிளெக்ஸில் பல் தெரியச் சிரித்த பங்காளியை இந்த வருஷப் பதிவிலிருந்து எடுக்கச் சொன்னால், பாகப்பிரிவினை முடிந்தது. பங்காளியும் கூடிய சீக்கிரம் ஒரு பக்கம் ஆரம்பிப்பார், அந்த வேலையையும் பிடிக்கலாம். கடைசியாக, சற்றுக் கூச்சத்தோடு, வெள்ளைச் சட்டையில் எடுத்த தன் படத்தை அனுப்புவார். "இது சும்மா, ஓரமா." ஓரம் என்றால் நடு.

இது வெறும் விளம்பர மோகம், வியாபாரத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த ஊர் ஆத்மநாதர் கருவறையில் ஆவுடையார் மட்டும்தான் உண்டு, லிங்கத் திருமேனி கிடையாது; படைப்பதும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியை. உருவமே காட்டாமல் அவரைத் தேடிக் கூட்டம் வரும்போது ஒரு இரும்புக்கடைக்காரருக்கு எதற்குப் படம் என்றால், முதலாளியிடம் பதில் தயார்: "சாமிக்கு எதிர்க்கடை இல்லையே தம்பி." நியாயம் அவர் பக்கம்தான். வசந்த் அன் கோ வசந்தகுமார் கடைசிவரை தன் முகத்தை வைத்தே டிவியும் பிரிட்ஜும் விற்றார். லலிதா ஜுவல்லரி கிரண்குமாரின் மொட்டைத் தலையைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. தன் கடை விளம்பரங்களில் ஆடிய சரவணன் 2022-இல் 'தி லெஜண்ட்' படத்துக்கே கதாநாயகன் ஆனார். கடனுக்கும் தவணைக்கும் பழகிய ஊரில் வாடிக்கையாளர் முதலில் கேட்பது "முதலாளி இருக்காரா?" என்றுதான். பதிவில் அவர் இருப்பது அந்தக் கேள்விக்கான பதில். அப்படியானால் சொன்னதையெல்லாம் செய்துகொண்டு போவதா என்றால், அதுவும் இல்லை. "பத்தாயிரம் பாலோயர் காசுக்குக் கிடைக்குதாமே" என்று அவர் கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும். விளக்கம் சொல்ல இந்த ஊரைவிடத் தோதான ஊர் இல்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த திருப்பெருந்துறை இதுதான். கணக்குக் கேட்ட மன்னனுக்குப் பகலில் வந்து சேர்ந்த பரிகள் இரவில் நரிகளாகி ஊளையிட்டன. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களைந்தபோது ஜஸ்டின் பீபருக்கே சுமார் 35 லட்சம் பேர் காணாமல் போனார்கள். இவ்வளவையும் முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தை மாசம் வரைக்கும் குதிரையாவே இருக்குமா தம்பி?" என்பார். தையில் என்ன என்று விசாரித்தால்தான் அறந்தாங்கியில் புதுக் கிளை திறக்கப்போகிற சேதி வெளியே வரும்.